அழ வந்தவர்கள்

கூடத்தில் கிடத்தியிருந்த பெரியவரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். "யோவ், மெல்லக் கட்டுய்யா. வலிக்குது" என்றார் பெரியவர்.

எல்லாரும் சிரித்தார்கள், உதவி டைரக்டர் மதிவாணனைத் தவிர. அவன் பக்கத்து அறையின் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிணமாகப் படுத்திருந்தவர் பழைய நடிகர் வைரவன். தலைமாட்டில் தங்கையாக உட்கார்ந்திருந்தவர் தேவானை அம்மாள். நாற்பது வருஷமாகத் திரையில் அழுது ஊரையே அழ வைத்தவர். வயதான அண்ணன் தங்கை கதை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, சத்தம் போட்டுப் பேசுவதுகூடக் கிடையாது. படம் முழுக்க ஒரே ஒரு ஒப்பாரி, அதுவும் இன்றைக்குத்தான்.

மயிலாப்பூரில் இந்தப் பழைய வீட்டைத் தேடிப் பிடித்தவன் மதிவாணன்தான். வந்த வினை என்னவென்றால், இந்த வீட்டில் குடியிருந்ததும் ஒரு அண்ணனும் தங்கையும். கல்யாணமே செய்துகொள்ளாத சுப்பராமன். சின்ன வயதில் கணவனை இழந்து அவரிடமே வந்துவிட்ட ஸ்ரீலக்ஷ்மி மாமி. ஒரு மாதமாகச் சுப்பராமன் படுத்த படுக்கை, அதுவும் கூடத்தை ஒட்டிய அறையில்.

இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று ஒருவர் கிடக்கிற வீட்டு வாசலில் பாடை கட்டலாமா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? மதிவாணன் டைரக்டரிடம் கேட்டே விட்டான்.

"வைரவன் சார் சாயங்காலம் அடையாறுல வேற ஷூட்டிங் போறார். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். போய் வேலையைப் பாருடா."

மனசு கேட்காமல் மாமியிடம் போனான். அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமி, சாவு சீன் எடுக்கப் போறோம். ஐயா காதுல விழுந்தா சங்கடப்படுவார். வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எப்படியாவது நிறுத்திடறேன்."

"எதுக்கு நிறுத்தணும்? நன்னா எடுங்கோ." மாமி அவனை உற்றுப் பார்த்தார். "அழறதுக்கு எத்தனை பேர் வருவா?"

"இருபது பேர் வராங்க மாமி."

"நெஜமா அழுவாளா, இல்லே சும்மா மொகத்தை மூடிப்பாளா?"

அவனுக்குச் சுருக்கென்றது. என்ன கேள்வி இது! "ஐயாவுக்கு எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றினான்.

"அவருக்கு இனிமே என்ன ஆகப்போறது? உள்ளே மட்டும் யாரும் போக வேண்டாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "காபி குடுக்கலைன்னு நெனைச்சுக்காதே. ஆத்துல இன்னிக்கு அடுப்பு மூட்டலை."

மூன்று நாளாகக் கேட்காமலே டம்ளரை நீட்டியவர். கண்டவர்களும் புழங்கியதில் மாமிக்கு வெறுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினான்.

மதியம் கேமரா ஓடத் தொடங்கியது. "அண்ணா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று தேவானை அம்மாள் வைரவன் மார்பில் விழுந்தார். இருபது பேரும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கதறினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

மதிவாணன் தற்செயலாகத் திரும்பினான். சாத்தியிருந்த அறைக் கதவை மாமி மெதுவாகத் திறந்துகொண்டிருந்தார். அது தானாக மூடிக்கொள்ளாமல் ஒரு மணையை வேறு முட்டுக் கொடுத்தார். பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து, அழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த முகத்தில் திருப்தி தெரிந்தது.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீக்காளி அண்ணன் காதில் விழட்டும் என்றே திறந்து வைக்கிறாரே, இந்த அம்மாள் என்ன பிறவி! பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், எப்போது போய்ச் சேருவார் என்று காத்திருக்கிறாரா?

"கட்! ஓகே!"

வைரவன் எழுந்து உட்கார்ந்தார். பிணமாக நடித்தவர்கள் செய்கிற வழக்கப்படி, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். தேவானை அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீ கேட்டார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

மாமி மதிவாணனிடம் வந்தார். "இன்னொரு தரம் அழமாட்டாளா?"

வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாக வந்துவிடும் என்று பயந்து அவன் வாசலுக்குப் போனான். மாமியும் பின்னாலேயே வந்தார்.

அங்கே செட் வேலை பார்க்கும் சேட்டு பாடைக் கயிற்றில் கத்தியை வைத்திருந்தான். "இன்னா சார், பிரிச்சிடலாமா?"

"பிரிக்காதே!" என்று கத்தினார் மாமி. "அது அப்படியே இருக்கட்டும்."

மதிவாணனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "என்ன மாமி நீங்க! உள்ளே ஒரு மனுஷன் உசிரோட படுத்திருக்கார், வாசல்ல பாடை கிடக்கணுமா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

மாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா விடியக்காலமே போயிட்டார்ப்பா. அழறதுக்கு எங்களுக்கு வேற யார் இருக்கா?"