இரண்டு தாள்கள்

வக்கீல் இளவரசனும் தென்றலும் ஒரே வருடம்தான் கைரேகை நிபுணர் பரீட்சை எழுதினார்கள். தேறியவள் தென்றல் மட்டும்தான். பதினோரு வருடமாக அவள் சாட்சியை எந்த நீதிபதியும் சந்தேகித்ததில்லை. அவள் பெயரைக் கேட்டாலே இளவரசனுக்கு வயிறு எரியும்.

திருவண்ணாமலை கோர்ட்டில், கீழ்பென்னாத்தூர் திருட்டு வழக்கில், அவளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அவனுக்கு வந்தது. அவளை வெளியே நிற்கவைத்து, நீதிபதி முன்னால் தன் கட்சிக்காரன் வல்லரசுவின் கட்டைவிரலை ஒரு தாளிலும், தன் கட்டைவிரலை இன்னொன்றிலும் பதித்தான். தாள்களில் பெயர் எழுதவில்லை. பிறகு அவளை உள்ளே கூப்பிட்டான்.

"வல்லரசுவோடது எதுனு சொல்லுங்க மேடம்."

தென்றல் லென்ஸில் நிதானமாகப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஆளோடதுங்க. திருட்டுப் போன வீட்டுப் பீரோவுல இருந்த ரேகையும் இதேதான்."

"ஒண்ணு என்னோடதுங்க ஐயா!" இளவரசன் சந்தோஷத்தில் கத்திவிட்டான்.

நீதிபதி லென்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு, எல்லோர் முன்னாலும் இரண்டு பேரின் விரல்களையும் மறுபடி பதிக்கச் சொன்னார். இரண்டு பேர் ரேகைக்கும் ஒரு கோடுகூட வித்தியாசமில்லை. தென்றல் தவறவில்லை. பீரோ ரேகை இப்போது தன்னுடையதாகவும் ஆகிவிட்டதே என்ற பயத்துக்கு நடுவிலும் அதுதான் இளவரசனைச் சுட்டது.

கோர்ட் குமாஸ்தா முதல் தாள்களை நீட்டினார். "பேர் எழுதணும் சார். இதுல உங்களுது எது?"

அவனுக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தென்றலைப் பார்த்தான்.