திரைக்கு மட்டும் மின்சாரம்

இன்பராஜின் பழைய ஆர்கேட் கேம் திரைக்கு மாற்று உலகத்திலேயே கிடையாது. கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கருகிவிடும். அதனால் வீட்டு மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ளும் ஏஐ கருவியான மின்காவலனிடம், “எது நின்னாலும் திரைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது” என்று சொல்லிவைத்திருந்தான்.

இடி இடித்ததும், திரைக்குப் போகும் கரண்ட் ஆடாமலிருக்க, காவலன் வீட்டு லிஃப்டை நிறுத்திவிட்டது. உள்ளே பிரியாணிப் பொட்டலத்தோடு மாட்டிக்கொண்ட இன்பராஜ், மேலே இருந்த மனைவிக்கு போன் போட்டான்.

“ஜெசி, லிஃப்டை விடச் சொல்லுடி! பிரியாணி ஆறுது!”

“இருங்க, உங்க ரெக்கார்டை உடைக்க இன்னும் ரெண்டே கல்லுதான்” என்றாள் ஜெசிந்தா, திரையில் விண்கற்களைச் சுட்டபடி.

போனில் கேம் சத்தம் கேட்டது. அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஐயோ, பறக்கும்தட்டு வருது! திரும்பிச் சுடு!”

இடி ஓய்ந்தது. “லிஃப்டை இயக்கட்டுமா? திரை கருகாது, லேசாக நடுங்கும்” என்று காவலன் இருவரிடமும் கேட்டது.

மாடியிலிருந்தும் லிஃப்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.

“இரு, இரு!”