ஒரு சாண் வெறும் துணி

சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறியதும் அவளுக்குக் கால்வலி மறந்துபோனது.

வலது மூலையிலும் பூவேலை நிறைந்திருந்தது.

நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தாள். சிவப்பு, கறுப்பு, மறுபடி சிவப்பு. ஓர் இழைகூடப் பிசகவில்லை.

மேடைக்குப் பின்னால் பதினோரு மாடல்கள் வெள்ளியாய் மினுங்கும் கோட்டுகளில் நின்றிருந்தார்கள். எல்லாம் அவள் வடிவமைத்தவை. நிகழ்ச்சியின் தலைப்பு, 'இரண்டாயிரத்து நூற்றைம்பதில் பழங்குடி'. அதுவரை நாங்கள் இருப்போம் என்று ஒப்புக்கொண்டார்களே, அதுவே பெரிய விஷயம் என்று முதல் நாள் சிரித்திருந்தாள். இப்போது சிரிக்கத் தெம்பில்லை.

பன்னிரண்டாவது உடையை அவளால் முடிக்க முடியவில்லை. போன வாரம் போனில் அழுதபோது, தன்னுடையதை அனுப்புவதாக அம்மா சொன்னாள்.

தன்னுடையது என்றால், இறந்த பிறகு போர்த்துவதற்கென்று அம்மா தைத்துவைத்திருந்த சால்வை. நீலகிரியில் அவர்கள் ஜனங்களுக்குக் கடைசிப் பயணத்துக்கும் பூவேலைச் சால்வைதான். கோடு போடாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைப்பது. அம்மா ஏழு வருடம் தைத்தாள். வலது மூலையில் மட்டும் ஒரு சாண் விட்டுவைத்திருந்தாள். முடித்துவிட்டால், ஆள் தயார் என்று அந்தப் பக்கம் போனவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் ஒரு நாளும் அந்த மூலையில் ஊசி வைத்ததில்லை.

இப்போது வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஊட்டி ஆஸ்பத்திரியில் அம்மாவின் நெஞ்சு வியாதிக்கு அடுத்த ஊசி போடத் தேதி கொடுத்திருந்தார்கள். அம்மா போகவில்லை. மழை என்றாள். பிறகு எருமை கன்று போட்டிருக்கிறது என்றாள். வேலை மும்முரத்தில் இவளும் நம்பிவிட்டாள். நம்புவது வசதியாக இருந்தது.



நிகழ்ச்சி இயக்குநர் பிரணவ் அவசரமாக வந்து சால்வையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எதிர்காலம் எங்க இருக்கு?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். சின்னக் கத்தரியால் மூலையின் கடைசி முடிச்சை வெட்டினாள். ஊசி முனையால் ஒவ்வொரு நூலாக உருவினாள். பிரிக்கும்போதும் எண்ணினாள். எண்ணாமல் அந்தத் துணியைத் தொட அவளுக்குத் தெரியாது. சால்வையைப் போர்த்தி நடக்க வேண்டிய மாடல் பெண் பதறிப்போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். இவள் நிமிரவில்லை.

ஒரு சாண் வெறும் துணி. ஊசி போய்வந்த துளைகள் மட்டும்.

சால்வையை அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தி, மூலை முன்னால் தெரியும்படி விட்டாள்.

பெண் விளக்குகளுக்குள் நடந்து போனாள். கைதட்டல் கேட்டது. இவள் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மூலையைப் பிரிச்சுட்டேன்."



திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. எங்கோ எருமை கத்தியது. அம்மா இருமினாள். நெடுநேரம் இருமினாள்.

பிறகு, சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்றாள்.

அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஊட்டியிலயே வாங்கிக்கலாம். நாளைக்கு வரேன், நீயும் கூட வா."

அம்மா மழை என்று சொல்லவில்லை.