திருப்பிச் சொல்லு

“வணக்கம் ராடார். ஒன்பதாயிரம் அடியில வந்துட்டிருக்கோம்” என்று காதுக்குள் ஒரு பெண் குரல் கரகரத்ததும், விமானக் கட்டுப்பாட்டு அறையில் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பக்கத்துத் திரைக்காரன் கண்ணைச் சிமிட்டினான். “என்ன சார், மூஞ்சியில பல்பு எரியுது? பாப்பாவா?”

“உன் வேலையைப் பாருய்யா” என்றார். ஆனால் வாய் காது வரைக்கும் போய்விட்டதை அவரால் மறைக்க முடியவில்லை.

மகள் துணை விமானியாகப் பறக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. “நாளைக்கு மத்தியானம் உங்க திரையில வருவேன், பத்திரமா இறக்கி விடுங்க” என்று நேற்றுச் சாப்பிடும்போது விமானத்தின் எண்ணோடு சொல்லியிருந்தாள். அதே எண்தான் இப்போது திரையில் ஒரு பச்சைப் புள்ளியின் தோளில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது.

விமானத்தில் ஓட்டுகிறவர் ரேடியோவில் பேசமாட்டார், பேசுகிறவர் ஓட்டமாட்டார். இன்று இவளுக்குப் பேசுகிற முறை போலும். வீட்டில் கூரை பறக்கக் கத்துகிறவள், உத்தியோகம் என்று வந்ததும் எத்தனை நிதானமாகப் பேசுகிறாள்!

“ஏழாயிரம் அடிக்கு இறங்குங்க” என்றார். ஆறாயிரத்தில் வேறொரு விமானம் குறுக்கே வந்துகொண்டிருந்தது.

“நன்றி, இறங்கறோம்.”

அவ்வளவுதான். எத்தனை அடி என்று திருப்பிச் சொல்லவில்லை.

சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவர் கேட்டு வாங்க வேண்டும். அதில் அவர் பொல்லாதவர். அவருக்கு அங்கே பட்டப்பெயரே ‘திருப்பிச் சொல்லு’தான். வீட்டில் மனைவி “சரி” என்றால்கூட, “சரின்னா என்ன சரி? நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு” என்பார். “உங்களுக்குப் பொண்டாட்டி எதுக்கு? ஒரு கிளி வாங்கி வளர்த்திருக்கலாம்” என்பாள் அவள்.

இப்போதும் பட்டனை அழுத்த விரல் போனது. அந்த அலைவரிசையில் பத்து விமானங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, பெற்ற அப்பனே ஊரறியக் குட்டு வைப்பதா? இரவு வீட்டில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விரலை எடுத்துவிட்டார். வேறொரு விமானத்துக்குத் திசை சொல்லப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தபோது புள்ளியின் பக்கத்தில் எண்கள் ஏழாயிரத்தைத் தாண்டிச் சரிந்துகொண்டிருந்தன. இரண்டு புள்ளிகளும் சிவந்தன.

“இறங்காதீங்க! ஏறுங்க, உடனே மேல ஏறுங்க!”

அதே நொடியில் கீழே இருந்த விமானத்திலிருந்து ஒரு ஆணின் கட்டைக் குரல், “அபாய மணி அடிக்குது, நாங்க கீழ போறோம்!” என்றது. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு, மெல்லப் பிரிந்தன.

இரண்டும் பத்திரமாகத் தரையிறங்கின. அவரைத்தான் நாற்காலியிலிருந்து எழுப்பி ஓய்வறைக்கு அனுப்பினார்கள்.

மேற்பார்வை அதிகாரி அம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். “அவங்க தினமும் அஞ்சாயிரத்துக்கு இறங்கிப் பழகினவங்க சார். அந்த நெனப்புலயே இறங்கிட்டாங்க. அந்த விமானிகளுக்கு விசாரணை வரத்தான் போகுது. ஆனா நீங்க? யாரா இருந்தாலும் கேட்டு வாங்கற ஆள், இன்னைக்கு ஏன் கேக்கல?”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு விமானங்களிலும் சேர்த்து முந்நூறு பேர். ஒரு பெண்ணின் முகம் வாடக்கூடாதென்று அத்தனை பேரையும் எடுத்துப் பணயம் வைத்திருக்கிறார். அதிலும் அந்தப் பெண்ணுக்கு நல்லதா செய்தார்? வேலைக்கே உலை வைத்துவிட்டார்.

அந்த அம்மா எழுந்துபோன சற்று நேரத்தில் கதவு திறந்தது. சீருடை கலையாமல் மகள் நின்றாள்.

அவர் பாய்ந்து எழுந்தார். “நீ எதுக்கும் வாயைத் திறக்காதே கண்ணு. பழி எல்லாம் என்மேலேயே இருக்கட்டும். கேட்டு வாங்காம விட்டது நான்தானே?”

“ஆமாப்பா, அதான் எனக்கும் புரியல” என்றாள் மகள். “எங்க கேப்டன்கிட்ட ‘இப்பப் பாருங்க, எங்கப்பா விடவே மாட்டாரு’ன்னு சொல்லிட்டு நானும் காத்துக்கிட்டே இருந்தேன். ஏன்ப்பா கேக்கல?”

“உன்னைப் போய் அத்தனை பேருக்கு முன்னால எப்படிம்மா கேக்கறது? உன் குரலைக் கேட்டதுமே எனக்கு மத்தது எதுவும்…”

“என் குரலா? நான் பேசவே இல்லியே! இன்னைக்கு ஓட்டினதுதான் நான். பேசினது கேப்டன்.”

“கேப்டனும் பொம்பளையா?”

மகள் அருகில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில எங்களை வேற விமானத்துக்கு மாத்திட்டாங்க. கீழ, ஆறாயிரத்துல வந்தது நாங்கதான்ப்பா.”