மடியில் இருந்த பை

“அக்கா, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. ஸ்கூல் ஸ்டாப்புல வாங்கிக்கிறேன்.”

பஸ் படிக்கட்டில் தொங்கிய பிளஸ் டூ மாணவன் யுகேந்திரன், ஜன்னல் வழியே ரெஜினாவின் மடியில் பையைத் திணித்தான்.

“பக்கத்து சீட்டு காலியாத்தானே கிடக்கு? உள்ள வா, தம்பி.”

“சீட்டெல்லாம் வயசானவங்களுக்குக்கா!”

அவனோடு தொங்கிய கபிலன் விசிலடித்தான். “மச்சி, ஒரு கைய விடு பாப்போம்!”

யுகேந்திரன் சிரித்துக்கொண்டே இரண்டையும் விட்டான்.

மின்கம்பத்தில் டம்மென்று ஒரு சத்தம். பஸ் அலறி நின்றது. எல்லோரும் இறங்கிப் பின்பக்கம் ஓடினார்கள்.

கபிலன் மட்டும் உள்ளே வந்து அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்தான். பைக்குள் இருந்த டிபன் பாக்ஸ் ரெஜினாவின் மடியில் இன்னும் சுட்டது. பையை அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

“நீங்களே வச்சிருங்கக்கா. அவன் வந்து வாங்கிப்பான்.”