வாசற்படியில் மாமியார்

“என்னைத் தாண்டிப் போறவங்க யாரும் உருப்பட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, புருல் அம்மாள் வாசற்படியில் குறுக்காகப் படுத்துக்கொண்டாள்.

மூலையில், திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டிருந்த சல்தனத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிர்கிஸ் வீடுகளில் மூத்தவள் ஒருத்தி வாசலில் படுத்துவிட்டால் அது பூட்டைவிடக் கெட்டி. தாண்டுகிற துணிச்சல் எவருக்கும் வராது. அந்த வீட்டுக்கு வேறு வாசலும் கிடையாது.

பேருந்துக்காக நின்றவளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் புருலின் மகன்கள். மாப்பிள்ளை சின்னவன் உலன். திட்டம் போட்டவன் பெரியவன் எர்மெக். கடத்தல் என்றால் அவர்களுக்குக் கோபம் வரும். கல்யாணம் என்பார்கள்.

அவளுடைய போனைப் பிடுங்கிப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசியதும் எர்மெக்தான். போன பனிக்காலத்தில் போலீசார் பள்ளிக்கூடத்தில் சுற்றுவட்டாரப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்து, அவரவர் போனில் ஒரு உதவி பட்டன் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். சத்தமில்லாமல் அமுக்கினால் போதும், ஆள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்துதான் வீசினான்; எர்மெக் அந்த அளவுக்கு விவரமானவன்.

வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, ஓர் இரவு தங்க வைத்துவிட்டால் அவள் அந்த வீட்டு மருமகள். அப்புறம் பெற்றவர்களே திரும்ப அழைத்துக்கொள்ளத் தயங்குவார்கள். நர்சிங் படிப்புக்கும் அன்றோடு முழுக்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் துணியைக் கட்டக் கட்ட, அவள் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தாள்.

“ரொம்பத் துள்ளாதடி” என்றாள் புருல், படுத்தபடியே. “இதே வாசல்ல என் மாமியார் படுத்தா. நானும் தாண்டல. அன்னைக்கு உக்காந்தவதான்.”

சல்தனத் அந்த அண்ணன் தம்பியைவிட அந்தக் கிழவியைத்தான் அதிகம் வெறுத்தாள். ஒரு பெண்ணுக்கு இது தெரியாதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பெண்ணின் அண்ணன்மார் தேடிக் கிளம்பிவிட்டதாக எர்மெக்குக்குத் தகவல் வந்தது. அவன் காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். மலை மேலே மாமாவின் மேய்ச்சல் குடிசைக்கு இவளைக் கொண்டுபோய்விடலாம், அங்கே டவர்கூடக் கிடையாது, எவனும் கண்டுபிடிக்க முடியாது என்றான். அம்மாவை எழுந்திருக்கச் சொன்னான்.

“துணி கட்டாத பொண்ணை என் வீட்டுலேருந்து வெளிய கொண்டுபோறதா? ஊர் காறித் துப்பும். கட்டி முடிங்க, அப்புறம் எந்திரிக்கறேன்.”

“நேரமாகுதும்மா!”

“ஆகட்டும். அவ்வளவு அவசரம்னா என்னைத் தாண்டிட்டுப் போ.”

எர்மெக் தலையைச் சொறிந்தான். எங்க அம்மா ஒரு பட்டாளத்தையே நிறுத்திடுவா என்று தம்பியிடம் பெருமையும் பட்டுக்கொண்டான். பெண்கள் மறுபடி துணியோடு வந்தார்கள். இந்தத் தடவை சல்தனத்தின் கைகளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது.

எர்மெக் அசரவில்லை. உள்ளூர் போலீஸ்காரர் பாலத் வருவார், ஆட்டுக்கறி சாப்பிடுவார், குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காலங்காலமாக அதுதான் நடப்பு. ஆனால் இறங்கியவள் முன்பின் தெரியாத ஒரு பெண் அதிகாரி, மீரிம். பின்னால் இரண்டு காவலர்கள். அவள் மார்பில் சின்ன கேமரா ஒன்று சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது.

பாலத் எங்கே என்று எர்மெக் கேட்டான். பட்டனை அமுக்கினால் உள்ளூருக்குத் தகவல் போகாது, நேராக நகரத்து மையத்துக்குப் போகும், அங்கிருந்து பக்கத்தில் இருக்கிற வண்டியை அனுப்புவார்கள் என்றாள் மீரிம். கையிலிருந்த திரையை அவன் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி சரியாக அந்தக் கூரை மேல் நின்றது.

“உள்ள வாங்க, முதல்ல டீ குடிங்க. ஆடு அடிக்கச் சொல்றேன்” என்றான் எர்மெக்.

மீரிம் கேமராவைத் தட்டிக் காட்டினாள். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. நகரத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காங்க, அவங்களுக்கும் பசிக்கும்.”

எர்மெக் ஒதுங்கி வழி விட்டான். ஆனால் வாசற்படிக்கு வந்ததும் மீரிமுக்கும் கால் எழவில்லை; அவளும் அந்த மண்ணில் வளர்ந்தவள்தானே. நின்ற இடத்திலிருந்தே உள்ளே பார்த்துக் கேட்டாள்.

“தங்கச்சி, நீ இஷ்டப்பட்டா வந்தே?”

“இல்ல” என்றாள் சல்தனத். அந்த ஒரு சொல் தெளிவாக வந்தது. பிடித்திருந்த கைகள் மெல்ல விலகின.

எர்மெக்குக்கு வெறி ஏறியது. வாசலில் நின்றபடியே அவளைப் பார்த்துக் கையை ஓங்கினான். “இன்னொரு போனை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?”

காவலர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். சல்தனத் மலங்க மலங்க விழித்தாள். அவளிடம் போனே இல்லை. யார் அமுக்கியது என்று அவளுக்கும் விளங்கவில்லை.

புருல் அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். கம்பளிச் சட்டைக்குள் கையை விட்டு ஒரு பழைய போனை எடுத்து மீரிமிடம் கொடுத்தாள். எர்மெக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் அவள் வாசலை விட்டு விலகி நின்று, திரைக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தாள்.

“நீ கிளம்பும்மா. நான் வழி மறிச்சது இவனுங்களை.”