முதுகு திருப்பிய பெஞ்சு

பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கிடந்தது. புதிதாகக் கொண்டுவந்து போட்ட கல் பெஞ்சோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒச்சம்மாவின் வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. மூன்று நாளாக அவளுக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்து ரிசார்ட்டுக்குப் பாதையும் தோட்டமும் வரைந்து கொடுக்கிற ஆதவன் வந்ததும் கேட்டுவிட்டாள்.

"தம்பி, பெஞ்ச மாத்திப் போட்டுட்டாக போல."

"சரியாத்தான் போட்டிருக்கு அக்கா." அவன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். அவளுடைய வீடு, முருங்கை, ஆட்டுக் கொட்டில் எல்லாம் அதில் இருந்தன. தாழ்ந்த வாசலில் ஒரு பெண் பாதி குனிந்து நின்றாள்.

"இது யாரு?"

"சும்மா. வாசல் எவ்வளவு உயரம்னு தெரியறதுக்கு ஒரு ஆளப் போடுவோம்."

அந்தப் பெண் இடது கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். ஒச்சம்மாவும் அப்படித்தான் பிடிப்பாள். இவன் எப்போது பார்த்தான்?

"தை பொறந்ததும் வாசல ஒசத்தப் போறோம். எங்க வீட்டுக்காரருக்கு இடிச்சு இடிச்சு நெத்தி பொடச்சுக் கெடக்கு."

அவன் பதறிப்போனான். "ஐயோ, வாசல்ல மட்டும் கை வச்சிராதீங்க அக்கா."

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். பெஞ்சில் அதற்குள் ரிசார்ட்டில் தங்க வந்த இரண்டு பேர் கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் குனிந்தாள். நிலையைப் பிடிக்கப் போன இடது கை பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா," என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அப்படியே இருங்க."